டிரைவர் சீட்டு மட்டும் காலி

என் அண்ணி டவுன் பஸ் ஓட்டுகிறார். ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டால், "எண்ணினா பைத்தியம் பிடிச்சிடும்" என்பார். கிளட்ச் மிதித்து மிதித்தே இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அந்தக் காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போடுவதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நான் நிதானமாகச் சொல்லப் போவதில்லை. என் கூடப் பிறந்த அண்ணன், அக்கா, என்னைப் பெற்ற அம்மா, மூன்று பேர் மேலும் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நான் வீட்டுக்குக் கடைசிப் பெண், மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணி, அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். நடந்தது பூராவும் என் கண் முன்னால்தான் நடந்தது.

எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. அதுதான் அண்ணி வந்துவிட்டாரே, இனி நமக்கெதற்கு என்று விட்டுவிட்டார்கள். கல்யாணமோ ஆஸ்பத்திரியோ, எதுவானாலும் டிப்போவுக்குப் பின்னால் வேன் வாடகைக்கு விடுபவரிடம் அண்ணிதான் போய்ச் சாவி வாங்குவார். வாரம் முழுக்க ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, லீவு நாளில் எங்களை ஏற்றி இறக்குவார். அருவிக்குப் போனோம். நாங்கள் குளித்தோம், அண்ணி வண்டியைப் பார்த்துக்கொண்டார். மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். நாங்கள் புலியைப் பார்த்தோம், அண்ணி பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முழிக்கிறவர்களைப் பார்த்தார். துறைமுகத்தில் மதில் மறைக்கிற கடல், கடற்கரையில் மட்டும் வேன் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் தெரிந்ததாம். அதை அம்மா வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், "என் மருமக வண்டியில இருந்தபடியே கடலைப் பாத்துட்டா" என்று. என்னமோ கெட்டிக்காரத்தனம் மாதிரி!

அப்படிப்பட்ட அண்ணி வாயைத் திறந்து ஒன்று கேட்டார். டிப்போ ஓய்வறைச் சுவரில் யாரோ தலைநகரத்தின் படத்தை ஒட்டியிருந்தார்கள். பழைய நகரம், சுற்றிலும் கோட்டைச் சுவர், உள்ளே அரண்மனையை நோக்கி வளைந்து ஏறும் கல் பாவிய தெரு. அந்தச் சுவருக்குள்ளே எந்த வண்டிக்கும் அனுமதி கிடையாதாம், சைக்கிளுக்குக்கூட. அண்ணி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "ராஜா இருந்த வீடெல்லாம் எனக்கு வேணாம். அந்த ரோடு போதும். நடு ரோட்டுல நடக்கணும். பின்னாடி எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது. கண்ணாடியப் பாக்காம, பிரேக்கைத் தேடாம, மாடு மாதிரி அசைஞ்சு அசைஞ்சு நடக்கணும். ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன். போலாமா?"

"போலாமே!" என்றான் அண்ணன். அத்தோடு அந்தப் பயணம் அண்ணியின் கையைவிட்டுப் போனது.

அண்ணன் நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு துரும்பை நகர்த்தமாட்டான். வீட்டில் ஏதாவது ஏற்பாடு என்றால் படைத்தளபதி ஆகிவிடுவான். டி.வி.யில் தலைநகரத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு நின்றான். அக்காவும் மாமாவும் வந்து சேர்ந்தார்கள். அக்காவுக்குக் கடைவீதி. மாமாவுக்குப் போர் அருங்காட்சியகம், பீரங்கியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு நாடாளுமன்றம். "உள்ள விடலைன்னாலும் பரவாயில்ல, வாசல்ல நின்னு ஒரு பார்வை பாத்துட்டு வந்துடுவேன்" என்றாள். அப்புறம் மாமாவின் தங்கை குடும்பம் ஒட்டிக்கொண்டது. அவர்கள் பக்கத்து வீட்டுத் தம்பதியும் ஒட்டிக்கொண்டார்கள். இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது அண்ணி துறைமுகத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் எங்கேயோ சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று நான் சொன்னேன். "அவளுக்குப் போனாலே சந்தோஷம்தான்" என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் கூடியிருந்தபோது அண்ணி வேலை முடிந்து சீருடையோடு வந்து நின்றார். அண்ணன் குச்சியைத் தூக்கினான்.

"வா வா, உனக்காகத்தான் வெயிட் பண்றோம். எல்லாம் பக்காவாப் போட்டாச்சு. விடியறதுக்கு முன்னாடி கிளம்புறோம். கோட்டை வாசல்ல எங்க எல்லாரையும் இறக்கிவிட்டுடு. வண்டிய இதோ, சுவருக்கு வெளியில ஒரு மைதானம் இருக்கு பாரு, அங்க போட்டுடு. சாயங்காலம் பின்வாசலுக்கு வந்து எங்களை ஏத்திக்க. மறுநாள் அருங்காட்சியகம், கடைவீதி, நாடாளுமன்றம், அப்படியே ரிட்டர்ன்."

அண்ணி வரைபடத்தையே பார்த்தார். "நான் எப்ப உள்ள போறது?"

"நீ வண்டியைப் பாத்துக்கணுமே."

"என்னங்க, அந்த ரோட்டுல நடக்கணும்னு கேட்டதே நான்தானே?"

"அதுக்குத்தான் நல்ல பார்க்கிங்கா தேடிப் பிடிச்சிருக்கேன். மரநிழல் இருக்காம், நெட்ல நிறையப் பேரு எழுதியிருக்காங்க. காலை நீட்டிப் படுத்துக்கலாம். உனக்கும் ரெஸ்ட்."

மரநிழல்! எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து அந்தக் குச்சியைப் பிடுங்கி உடைத்துப் போடலாம் போல வந்தது. அண்ணி தொப்பியைக் கழற்றி டி.வி.யின் மேல் மூலையில் மாட்டினார். அது சரியாக நாடாளுமன்றத்தை மறைத்தது.

"நான் ஓட்டல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

மாமா சமாதானம் பேச வந்தார். "என்ன தங்கச்சி, நீ பாக்காத ரோடா? உனக்கு அது கை வந்த கலை."

"அதனாலதாண்ணே சொல்றேன். வேற டிரைவர் பாத்துக்குங்க. நானும் உங்களோட பின்னாடி உக்காந்து வர்றேன்."

பின்னாடி எங்கே உட்காருவது? அக்கா விரல் விட்டு எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேன் நிரம்பியிருந்தது. சீட்டு இருக்கிறதே என்று ஆள் ஆளாகக் கூப்பிட்டு நிரப்பியவர்கள், டிரைவர் சீட்டில் அண்ணியை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள். அதில் வேறொருவர் உட்கார்ந்தால் அண்ணிக்கு வேனில் இடமே கிடையாது. ஆசைப்பட்டது அவர், லீவு கேட்டது அவர், சாவி வாங்கித் தரப் போவதும் அவர். அவருக்கு இடமில்லை!

அந்த வாரம் கடையில் லீவு கிடைக்காததால் நான் அந்தக் கணக்கிலேயே இல்லை. யாராவது ஒருத்தராவது நான் இறங்கிக்கொள்கிறேன் என்பார்கள் என்று பார்த்தேன். மாமா கூரையைப் பார்த்தார். அக்கா, "அவங்களக் கூப்பிட்டுட்டு வேணாம்னு எப்படி அண்ணி சொல்றது, மானம் போயிடும்" என்றாள். அம்மா, "நீ அடுத்த தடவை போய்க்கலாம்மா, தலைநகரம் எங்க ஓடியா போகுது" என்றாள்.

அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஏற்பாடு கெடுகிறதே என்ற எரிச்சலில், யோசிக்காமல் வாய் தவறிச் சொல்லிவிட்டான். "நீ ஓட்டலைன்னா அப்புறம் நீ எதுக்கு வர்றே?"

அண்ணி அவனைப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் என்னவாக இருந்தார் என்பதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டான். அழுவார் என்று நினைத்தேன்.

"நல்ல கேள்விங்க" என்றார். "இத்தனை நாள் யாரும் கேக்கல. நீங்க எல்லாரும் வேன்ல போங்க. நான் அதுக்கடுத்த வாரம் ரயில்ல போறேன்."

"தனியாவா?" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தாள்.

"ராத்திரி கடைசி பஸ்ஸை டிப்போவுல போட்டுட்டு நடந்து வர்றேனே அத்தை, அப்ப யாரு கூட வர்றாங்க?"

"நானும் அண்ணியோட போறேன்" என்றேன். அம்மா என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அவர்கள் போய்விட்டு வந்தார்கள். வந்ததிலிருந்து ஒரே புலம்பல். வாடகை டிரைவர் கண்டபடி பிரேக் போட்டானாம், அக்காவுக்கு வாந்தி. சொன்ன நேரத்துக்கு வரவில்லையாம். அம்மா நாடாளுமன்றம் வந்தபோது தூங்கிவிட்டாள், யாரும் எழுப்பவில்லை. "நீ இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்று அண்ணன் அண்ணியிடம் கேட்டான். அதை அவன் பாராட்டு என்று நினைத்துச் சொன்னான் என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. மன்னிப்பு என்ற வார்த்தை அவன் வாயில் வரவேயில்லை.

அடுத்த வாரம் நானும் அண்ணியும் ரயிலேறினோம். காலையில் தலைநகரத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, கேட்டுக் கேட்டுக் கோட்டைச் சுவருக்கு வந்து சேர்ந்தோம். வாசலுக்கு முன்னால் அந்த மைதானம் இருந்தது. அண்ணன் சொன்னது பொய்யில்லை, மரநிழல் இருந்தது. நிழல் முழுக்க வேன்களும் பஸ்களும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு டிரைவர். ஒருவர் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து தூங்கினார். ஒருவர் ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜன்னல் வழியே காலை வெளியே நீட்டியிருந்தார்.

அண்ணி வாசலுக்குப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த நடுத்தர வயது டிரைவரிடம் போனார்.

"அண்ணே, உள்ள எப்படி இருக்கும்? நடக்க நல்லா இருக்குமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" அவர் சிரித்தார். "மாசத்துல பாதி நாள் இங்கதான் கிடக்கேன். உள்ள போனதில்ல."

"ஒரு தடவைகூடவா? வாசல் இந்தா இருக்கே!"

"நடுவுல கூப்பிட்டுட்டாங்கன்னா? வண்டிகிட்ட ஆள் இருக்கணும்மா. பழகிடுச்சு." துணியைப் பிழிந்துவிட்டு மறுபக்கக் கண்ணாடிக்குப் போனார்.

நாங்கள் வாசலைத் தாண்டினோம். படத்தில் இருந்த அதே தெரு, அதே வளைவு. காலடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. அண்ணி நடுத்தெருவில் இறங்கி நடந்தார். அசைந்து அசைந்தெல்லாம் இல்லை, விறுவிறுவென்று நடந்தார். முழங்காலைப் பொருட்படுத்தவேயில்லை. எதிரே வந்தவர்கள் தாமாக விலகினார்கள். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"அண்ணி, மெதுவா! ஆசைப்பட்ட ரோடு இதானே? சந்தோஷமா இல்லையா?"

நின்று திரும்பினார். கண் கலங்கிச் சிவந்திருந்தது, அது அழுகை மாதிரியும் தெரியவில்லை.

"பழகிடுச்சாம்! கேட்டியா? சிரிச்சுக்கிட்டே சொல்றாரு. அருவியில, பீச்சுல, யாராவது கேட்டா நானும் இதையேதான் சொன்னேன், இதே மாதிரி சிரிச்சுக்கிட்டு." மூக்கை உறிஞ்சினார். "ரொம்ப சந்தோஷமாத்தான் இருக்கு. இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரிஞ்ச பிறகுதான்டி எனக்குக் கோபமே வருது."