வேலை நேரத்துப் பாடம்

பெண்களின் கண்ணைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் றோஸ் பாடத்தைத் தொடங்குவார். மேசையில் பரப்பிய எஞ்சின் துண்டுகளை ஐந்து பெண்களும் தடவிப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். மின்சாரம் இல்லாத கராச்சில் விரலுக்குத்தான் கண் வேண்டும் என்பது அவர் கட்சி. பிழைத்தால் கோபிக்கமாட்டார். "உது வால்வு இல்லைப் பிள்ளை, திரும்பத் தடவு" என்பார்.

றோசின் ஊர் குருநகர். வயது ஐம்பதை நெருங்குகிறது. காதில் எப்போதும் ஒரு பென்சில். மருதனார்மடத்தில் தண்ணீர் இறைக்கும் மிசின் திருத்தும் இந்தக் கராச்சில், சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர். கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை எங்கே பூட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது பழக்கம். சென்ற வருடம் மூன்று மெக்கானிக்மாரும் ஒருவர் பின் ஒருவராக வெளிநாடு போனபோது, எஞ்சின் வேலை தெரிந்து மிஞ்சியவர் றோஸ் மட்டுமே.

துண்டுகள் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை பழக்கப்போவதாக கராச் முதலாளியான செல்வநாயகத்திடம் றோஸ் சொன்னார். வேலை முடிந்து ஐந்து மணிக்குப் பிறகு பழக்கச் சொன்னார் முதலாளி.

"படிக்கிறதும் வேலைதான் முதலாளி. நான் மூண்டு மணிக்குத்தான் பழக்குவன்."

வேலையால் நிறுத்துவேன் என்று முதலாளி மிரட்டியும் ஒரு நாள் தவறவில்லை.

யுத்தத்தால் பெற்றோல் தடைப்பட்ட நாளிலிருந்து மிசின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. கரி பிடித்து அடிக்கடி நிற்கும். போன மாதம் கதிரவேலு என்ற தோட்டக்காரர் அப்படி நின்ற ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய வெங்காயம் தண்ணீர் கண்டு நாலு நாள். பெண்கள் கைவைப்பதென்றால் திருப்பிக் கொண்டுபோவேன் என்றார். வேறு எங்கே கொண்டுபோவீர்கள் என்று றோஸ் கேட்டதும் சைக்கிளிலிருந்து மிசினை இறக்கினார்.

றோஸ் ஐந்து பெண்களில் ஒருத்தியான தங்கமுத்துவைக் கூப்பிட்டார். அவள் காபரேட்டரைக் கழற்றித் துப்புரவாக்கிப் பூட்டி, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். எஞ்சின் இருமி நின்றது. இரண்டாம் முறையும் அதுவே. றோசையே செய்யச் சொல்லி முதலாளி கத்தினார். றோஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவளுக்குத் தெரியும். கதையாமல் நில்லுங்கோ."

தங்கமுத்து பிளக்கைக் கழற்றினாள். கரியைச் சுரண்டி, பூட்டி, இழுத்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கதிரவேலு பிளக்கை எதனால் சுரண்டுவது என்று அவளிடமே கேட்டார்.

அடுத்த கிழமை வாசலில் ஏழு மிசின்கள். இனிப் பாடத்துக்கு நேரமில்லை, எல்லாரும் திருத்தட்டும் என்றார் முதலாளி. றோஸ் வெண்கட்டியை எடுத்து, வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் பார்க்கக் கராச் கதவில் பெரிதாக எழுதினார்: 'மூன்று தொடக்கம் நாலு வரை பாடம். மிசின் எடுக்கமாட்டோம்.'