ஏறாத வளையல்

நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாகக் கருவுற்றேன். பரிசோதனைக்குப் போனால், "மகளக் கூட்டியாந்தீங்களா?" என்று இளம் கர்ப்பிணிகள் கேட்பார்கள். அந்த வெட்கத்தில் இரண்டு மாதம் போகாமலே இருந்துவிட்டேன்.

ஏழாம் மாதம், பாப்பாரப்பட்டிச் சந்தையில் வளையல் வாங்க உட்கார்ந்தேன். பச்சைக் கண்ணாடி வளையல்கள் மின்னின. கடைக்காரப் பெண்ணின் முகத்தைச் சுற்றியும் பொன்துகள்கள் மிதந்தன. சந்தையே கனவுபோல அழகாக இருந்தது.

எப்போதும் போடும் அளவு கையில் ஏறவில்லை.

"சதை போட்டுட்டேன் போல," என்றேன்.

அவள் என் புறங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"சதையில்லீங்கக்கா, நீரு. கண்ணு முன்னால ஏதாச்சும் மின்னுதுங்களா?"

"வளையல்தானே மின்னுது?"

அவள் வளையல்களைத் துணியால் மூடினாள். மினுமினுப்பு நிற்கவில்லை.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம். எங்கக்காவுக்கும் இப்பிடித்தான் மின்னுச்சு," என்றாள். ஆட்டோவில் அவள் மீதியைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அன்றே அறுவை செய்து மகளை எடுத்தார்கள். பல வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து பிழைத்தாள்.

இப்போது அவளுக்கு மூன்று வயது. குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் புறங்கையை மெல்ல அழுத்திப் பார்க்கிறேன். குழி உடனே மறைந்துவிடுகிறது. அதன் பிறகுதான் தண்ணீர் ஊற்றுகிறேன்.