இடமிருந்து மூன்றாவது

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் எனக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் தெரியாதவர்களைப் பார்த்தால் எரிச்சல் வேறு வரும். அந்த எரிச்சலில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டவர் அத்தா.

அத்தா என்றால் என் தகப்பனார். பூந்தமல்லி பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. நிக்காஹ், கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எந்தப் பத்திரிகையானாலும் அத்தா கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பென் டிரைவில் போட்டு அடுத்த தெரு அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவார். அவர் தமிழ் அடிக்கிற வேகத்தைப் பார்த்து வாடிக்கையாளர்கள் வாயைப் பிளப்பார்கள். இங்கிலீஷ் என்றால் மட்டும் அவர்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடிப்பார். தப்பு வந்துவிடக் கூடாதே என்கிற கவனம் என்று நினைத்தேன். என் பள்ளிக்கூடத்திலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தாலும் என்னிடமே நீட்டி, "நீயே படிம்மா, உன் வாயால கேக்கணும்" என்பார். பெண் படிப்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை என்று நானும் இழுத்து நீட்டி வாசிப்பேன்.

அந்த வருடம் தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும். புது விண்டோஸ் வந்திருக்கிறது, இலவசம், மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும். அத்தா அதன் மூலையில் இருந்த பெருக்கல் குறியை, ஈ விரட்டுவதுபோல ஒரே தட்டில் மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

"இன்னா அத்தா, அது இன்னா சொல்லுதுன்னு படிக்கவே மாட்டீங்களா?"

"இருக்கறது நல்லாத்தானே ஓடிக்கினு கீது. கை பழகிடுச்சும்மா, வுடு."

விட்டிருப்பேன். ஆனால் குமணன்சாவடி அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்த என் வகுப்புத் தோழி, தன் அப்பாவோடு புதுமனைப் புகுவிழாப் பத்திரிகைக்காகக் கடைக்கு வந்தாள். அவர் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர். எங்கள் திரையைப் பார்த்ததும், "இன்னும் இதையா வெச்சிருக்கீங்க பாய்? மாத்திடுங்க, பழசுல இருக்கறது ஆபத்து" என்றார். அத்தா, "பண்ணிடலாம் சார்" என்று சிரித்தார். தோழி என்னைப் பார்த்தாள். எனக்கு மானமே போய்விட்டது. மறுநாளே அவள் வீட்டுக்குப் போய், அவள் அப்பாவிடம் தேவையானதையெல்லாம் பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். "அத்தாவுக்குப் பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள பழசுக்கே திரும்பிக்கலாம், எங்கிட்ட வா" என்றும் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை அத்தா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என்னைக் கடையில் உட்காரவைத்து ஜும்மாவுக்குப் போனார். தொழுகை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எனக்கும் எடுத்துவர இரண்டு மணி நேரமாவது ஆகும். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு பைலும் அழியவில்லை, ஓர் எழுத்துருவும் காணாமல் போகவில்லை. பத்திரிகை வடிவமைக்கிற சாஃப்ட்வேரையும் சேர்த்துப் புதிதாக்கினேன். அவ்வளவு சுத்தமாக வேறு எந்த வேலையையும் நான் அதுவரை செய்ததில்லை.

அத்தா டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாத்திட்டியா?"

"ஆமா அத்தா. எல்லாம் பத்திரமா கீது."

"பழைய மாதிரியே ஆக்க முடியாதாம்மா?"

"முடியாது" என்றேன். நாக்குக் கூசாமல் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து சேக்காட்டிலிருந்து பெண்ணின் தகப்பனார் ஒருவர், இரண்டு உறவுக்காரர்களோடு வந்து சேர்ந்தார். மகள் கல்யாணப் பத்திரிகை. நான்கு மணிக்குள் அச்சகத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வாரம்தான் அச்சடிப்பார்கள், முகூர்த்தத்துக்கோ மூன்று வாரம்கூட இல்லை. அத்தா முன்பே கொடுத்திருந்த மாதிரியில் ஒரு விபரீதம். மாப்பிள்ளையின் தாத்தா பெயருக்கு முன்னால் வரவேண்டிய 'தெய்வத்திரு', ஒரு வரி கீழே இறங்கி மாப்பிள்ளையின் அப்பா பெயருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

"இன்னா பாய் இது! சம்பந்தி குத்துக்கல்லாட்டம் கீறாரு. அவருக்கு இப்பவே மாலை போட்டுட்டியே!"

அத்தா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பைலை நான் திறந்து கொடுத்தேன். தமிழ்ப் பகுதியை நொடியில் திருத்திவிட்டார். மூடும்போது ஒரு பெட்டி வந்தது. பழையதில் இடது ஓரப் பொத்தானை அழுத்தினால் சேமித்துக்கொள்ளும். புதியதில் அதே இடத்தில் இருந்தது, 'சேமிக்க வேண்டாம்'. அத்தாவின் கை பழைய இடத்துக்கே போனது. பென் டிரைவை நீட்டியபோது சேக்காட்டுக்காரர், "எதுக்கும் ஒருவாட்டி காட்டு பாய்" என்றார். திறந்தால் சம்பந்தி மறுபடியும் தெய்வமாகியிருந்தார். மணி மூன்றரை.

இரண்டாம் முறையும் அதே கதை நடந்தது. உறவுக்காரர்களில் ஒருவர் சிரித்தார். அத்தாவின் தொப்பிக்குக் கீழே வியர்வை இறங்கியது. "கண்ணு சரியா தெரியலம்மா, நீ கொஞ்சம் பாரேன்" என்றார், மெதுவாக. அந்த மெதுவான குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

மவுஸை அவர் கைக்கடியிலிருந்து பிடுங்கினேன். "இங்கிலீஷ்ல தெளிவா எழுதித்தானே கீது? மூணாங்கிளாஸ் புள்ளகூடப் படிச்சிடும். உங்களுக்குப் படிக்கத் தெரியாதா அத்தா?" என்று கடை அதிரக் கேட்டேன்.

சேக்காட்டுக்காரர், "பாய்க்குப் பொண்ணே பாடம் எடுக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். எழுந்து நின்று நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன். பத்திரிகை நான்கு மணிக்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டது.

அதற்கப்புறம் வந்தவர்களிடமெல்லாம், "சாயந்தரம் வாங்க, பொண்ணு வந்துடும்" என்றார். பள்ளி திறந்த பிறகும் அப்படித்தான். பொறுமை இல்லாத சிலர் எதிர்க் கடைக்குப் போனார்கள். கடையே என் தலையில்தான் ஓடுகிறது என்று தோழியிடம் அளந்தேன்.

அத்தாவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்கத் தெரியாது என்று அம்மா சொன்னது நான் கல்லூரியில் சேர்ந்த வருடம். ஏதோ பேச்சுவாக்கில், எனக்குத் தெரிந்திருக்கும் என்ற நினைப்பில் சொன்னார். பழைய விண்டோஸில் அவருக்கு எல்லாமே இடக்கணக்கு: மேல் வரிசையில் மூன்றாவது, அதற்குக் கீழே ஆறாவது, கடைசியில் இடது ஓரம். பத்து வருடம் கடையை அந்தக் கணக்கிலேயே ஓட்டியிருக்கிறார். அன்றைக்கு நாலு பேர் நடுவில் நான் கேட்டதற்கு, தெரியாது என்பதுதான் பதில். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. மன்னிப்புக் கேட்கப் போனால் அந்தப் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும். அதனால் இன்றுவரை கேட்கவில்லை.

கம்ப்யூட்டரை மாற்றி நான்கு வாரம் ஆகப்போகிற நேரத்தில் ஒருநாள் கடையைப் பெருக்கியபோது, மேசையடியில் அச்சுப் பிழையான பத்திரிகை அட்டைகள் ஒரு கட்டு கிடந்தன. பின்பக்கத்தில் பென்சிலால் வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள், நடுநடுவே அம்புக்குறிகள், பக்கத்தில் தமிழில் 'இடமிருந்து மூன்றாவது', 'நீலம்', 'இது கூடாது'. குப்பை என்று நினைத்து அள்ளிக் கூடையில் போட்டேன். குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது அத்தா புதிதாக ஓர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதும் கட்டம் வரைவதுமாக இருந்தார்.

"இன்னா அத்தா இது?"

"புது டிசைன்மா."

"நேத்து இதேதானே கிடந்தது? எத்தினி தடவைதான் ஒரே டிசைனப் போடுவீங்க?"

"மனசுல நிக்கணும்ல" என்றார்.

தோழியின் அப்பா சொன்ன ஒரு மாதக் கெடுவில் இன்னும் இரண்டு நாள் மிச்சம் இருந்தது. அத்தாவுக்கு வயதாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டு, மிச்ச வேலையை நானே முடிக்க அவரை எழுந்திருக்கச் சொன்னேன்.