கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்

சனிக்கிழமை காலை கோயில் மணி விட்டு விட்டு அடித்து ஓய்ந்தது. சாவு மணி. யாருக்கென்று தெரியாமல் வாசலுக்கு வந்தேன். சற்று நேரத்தில் மணியடிக்கும் சேகர் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"அம்மா, நம்ம உபதேசியார் போயிட்டாக. விடியக்காலம் தூக்கத்துலயே" என்றார்.

மதியத்துக்குள் கோயில் கேட்டில் ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். "விசுவாச வீரர்" என்று பெரிய எழுத்து. பாக்கியநாதன் உபதேசியாரின் படம் ஒரு மூலையில் இருந்தது. அவருக்குக் கைகூப்பி நிற்கும் கமிட்டிச் செயலாளரின் படம் அதைவிடப் பெரிது. சபை இதழுக்கு அஞ்சலி எழுதித் தரும்படி என்னைக் கேட்டவரும் அதே செயலாளர்தான். எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் வெட்டாமல் போடுவதானால் போடட்டும்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாக்கியநாதன் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பாதிரியார்கள் ஏறிப்போகத் தயங்கிய மேகமலை எஸ்டேட்களில் ஆராதனை நடத்துவதற்காகச் சபை வைத்திருந்த உபதேசியார். தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய கோயில். மழைக்காலத்தில் தகரத்தின் இரைச்சலில் பிரசங்கம் கேட்காது. மழை விடும்வரை பாட்டுப் பாடிக் காத்திருப்பார்களாம். ஓய்வு பெற்றபின் தேனிக்கு வந்து, காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தார். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் கோயிலில் பிரசங்கம் செய்தார்.

எப்போதும் வேதாகமத்தின் எரேமியா தீர்க்கதரிசிதான். பேச்சைச் சுருக்கக் கன்னியாஸ்திரீகளிடம் கற்றவள் நான். "நீளம் அதிகம், உபதேசியாரே" என்று அவரிடமே சொன்னேன்.

"எரேமியாவைச் சீக்கிரம் முடிச்சா, கேக்குறவுக தப்பிச்சிருவாகம்மா" என்றார்.

தப்பிக்க நினைத்தவர்கள் யார் என்பது அறுப்பின் பண்டிகையன்று தெரிந்தது. அன்று எங்கள் சபையில் அசனம் உண்டு. எல்லாரும் சேர்ந்து உண்ணும் ஐக்கிய விருந்து என்று அறிவிப்பில் படிப்பார்கள். சேர்ந்து உண்பது இப்படித்தான்: முதல் பந்தி ஹாலில், மின்விசிறிக்குக் கீழே, கமிட்டிக் குடும்பங்களுக்கும் கடைவீதிக் குடும்பங்களுக்கும். பிறகு மற்றவர்கள். மேகமலையிலிருந்து இருட்டோடு ஜீப்பில் கிளம்பி, அந்தக் கரடுமுரடான பாதையில் குலுங்கி வந்த எஸ்டேட் குடும்பங்களுக்குக் கடைசிப் பந்தி, ஹாலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தும் கொட்டகையில். சாதி என்ற சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. "தூரத்திலிருந்து வந்தவர்கள், ஆற அமரச் சாப்பிடட்டும்" என்பார்கள். அத்தனை நாகரிகம்.

உபதேசியார் அடுத்த பிரசங்கத்தில் கேட்டார்: "தூரத்துல இருந்து பசியோட வந்தவுக கடைசியாவா சாப்பிடுறது? எந்த ஊரு வழக்கம் இது?"

கமிட்டி கூடியது. இனி அவர் பிரசங்கம் செய்யக்கூடாது, வேதபாடம் மட்டும் வாசிக்கலாம் என்று முடிவு செய்தது. வேதபாடம் ஆபத்தில்லாதது என்று நம்பிய அந்தக் கமிட்டியில் ஒருவர்கூட அதை வாசித்திருக்கவில்லை. அந்த மாதத்துக்குக் குறித்திருந்த பாடமே எரேமியா. பிரபுக்கள் தீர்க்கதரிசியைப் பிடித்துக் கயிற்றில் கட்டித் துரவில், ஒரு பாழுங்கிணற்றில், இறக்குகிறார்கள். உள்ளே தண்ணீரில்லை, சேறுதான். அவர் அதில் அமிழ்கிறார். உபதேசியார் ஒரு சொல்லும் கூட்டாமல் வாசித்தார். "பிரபுக்கள்" என்று வந்த இடங்களில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்பெஞ்சைப் பார்த்தார்.

வாசலில் செயலாளர் மறித்தார். "வேற பாடம் வாசிச்சிருக்கலாமே உபதேசியாரே? யாரைக் குத்துறீக?"

"நான் எழுதலையே அய்யா. எழுதச் சொன்னவருகிட்டக் கேளுங்க."

வாசிப்பதும் போயிற்று.

அதன்பின் அவருக்கு மிஞ்சியது அவருடைய வயிறு ஒன்றுதான். ஒவ்வொரு அசனத்திலும் மேகமலைக்காரர்களோடு கடைசிப் பந்திக்குக் காத்திருந்தார். சர்க்கரை நோயாளி. ஒரு வருடம் நேரமாகிச் சர்க்கரை இறங்கி, உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துச் சாய்ந்தார். செயலாளர் ஓடி வந்தார்.

"ஏன் இந்தப் பிடிவாதம்? உள்ள வாங்க. உங்களுக்கு மட்டும் முதல் பந்தியில ஒரு இலை போடச் சொல்றேன்."

"எனக்கு மட்டும்னா வேணாம் அய்யா."

அன்று நான் என் இலையை விட்டெழுந்து கொட்டகைக்குப் போனேன். ஒரு பெண் அவர் வாயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். உபதேசியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீங்க ஏம்மா இங்கன வந்தீக?"

"அங்கே பேச்சுத்துணை சரியில்லை" என்றேன். சிரித்தார். நான் விடவில்லை. "இவர்கள் மாறுவார்கள் என்று நம்புகிறீர்களா?"

"இல்லம்மா. மாத்திட்டு வான்னு ஆண்டவர் எரேமியாவை அனுப்பலையே. சொல்லிட்டு நில்லுன்னுதான் அனுப்புனாரு. நிக்கிறதுதான் நம்ம வேலை."

துன்பத்தைச் சகித்தால் கடைசியில் ஜெயம் என்று நம் பிரசங்க மேடைகளில் முழங்குகிறவர்கள், எரேமியாவை முடிவுவரை வாசிக்கட்டும். அவர் ஜெயிக்கவில்லை. அவர் எச்சரித்த நகரம் எரிந்தது. பகைவரின் சேனாதிபதி, "என்னோடு பாபிலோனுக்கு வா, உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கௌரவத்தோடு அழைத்தான். அவர் போகவில்லை, யாருக்கும் வேண்டாதவர்களாக அந்த நாட்டில் விடப்பட்ட ஏழைகளோடு தங்கினார். அவர்களும் அவர் பேச்சைக் கேட்காமல் அவரையும் எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பலன் தெரிந்தபின் வருவது விசுவாசமல்ல, கணக்கு. அதில் நம் சபையார் கெட்டிக்காரர்கள்.

ஞாயிறு மாலை கல்லறைத் தோட்டத்தில் செயலாளர் நெடுநேரம் பேசினார். இந்த வருட அசனத்துக்கே உபதேசியாரின் பெயரை வைக்கப்போவதாக அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். அருகில் வந்தபோது கேட்டேன்: "பந்தி எப்படி?"

"அது வழக்கம்போலத்தாம்மா" என்றார். கூச்சமே இல்லை.

மேகமலையிலிருந்து வந்தவர்கள் குழியைச் சுற்றி நின்று, மழை விடக் காத்திருக்கும்போது பாடுகிற பாட்டைப் பாடினார்கள். மண்வெட்டியை வாங்காமல் கையாலேயே மண் தள்ளினார்கள். இருட்டுவதற்குள் வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்ட வேண்டும் என்று, ஹாலில் வைத்திருந்த சாப்பாட்டைத் தொடாமல் ஜீப்பில் ஏறினார்கள். யாரும் அவர்களை இருக்கச் சொல்லவில்லை.

வரும் அறுப்பின் பண்டிகையன்று கொட்டகையில் எனக்கும் ஓர் இலை போடுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று நாற்காலி கேட்கமாட்டேன்.

போய் வாருங்கள், உபதேசியாரே. ஆண்டவர் உங்களுக்கு இளைப்பாறுதல் தரட்டும். எங்களுக்கு, அந்தப் பந்தி மாறும்வரை, அதைத் தராதிருக்கட்டும்.