கொசு மருந்துப் பம்பும் கறுப்பு மட்கார்டும்

என் அக்காவின் வீட்டுச் சமையற்கட்டில், ஓர் ஆணியில், கொசு மருந்து அடிக்கும் பம்பு ஒன்று தொங்குகிறது. தகரக் குழாய், மரக் கைப்பிடி, நுனியில் கையளவு டப்பா. அதன் வாயில் கறுப்புப் பெயிண்ட் மிளகுபோல் உறைந்து கிடக்கிறது. அதில் கொசு மருந்து அடித்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தூக்கிப் போடு என்றால் அக்கா கேட்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், இத்தனை நாளாக உள்ளேயே வைத்திருந்த ஒரு விஷயத்தை அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று.

அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை தூக்கிய மனிதர். யுத்த காலத்தில் பட்டாள லாரி ஓட்டப் பழகி, யுத்தம் முடிந்ததும் எப்படியோ ஒரு பழைய மோட்டாரைப் பிடித்து டாக்ஸியாக்கிவிட்டார். ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் சந்து. அங்கே சன்னல் கம்பியைத் தடவினாலே விரல் சிவந்துவிடும், அவ்வளவு துரு. மாமா தினமும் விடிந்ததும் தெருக்குழாய்த் தண்ணீர் ஒரு வாளி எடுத்து வண்டியைத் துடைப்பார். குழாயில் தண்ணீர் வருவது ஒரு மணி நேரம். அக்கா வரிசையில் நின்று, சண்டை போட்டு நிரப்பும் குடங்களில் ஒன்று இப்படி வண்டிக்குப் போவதில் அவளுக்குத் தீராத எரிச்சல்.

“குடிக்கிற தண்ணிய ஊத்தி வண்டியக் குளிப்பாட்டறியே, கெணறு இன்னா தூந்தா பூட்ச்சு?”

“அது வண்டி மூஞ்சிக்கு ஆவாதும்மே” என்பார் மாமா. புது மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல வண்டிக்குச் செய்யும் செல்லம் அது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவனே. அப்பாவும் சரி, மாமாவும் சரி, கையெழுத்துக்குப் பதில் ரேகை உருட்டியவர்கள். சவாரிக்கு வருகிறவர்களிடம்கூட மாமா என்னை “எங்க வூட்டு எஸ்ஸெல்சி” என்றுதான் சொல்லுவார். பர்மிட் காகிதமோ சோடா பாட்டிலின் லேபிளோ, இங்கிலீஷில் எது இருந்தாலும் என் கைக்கு வந்துவிடும். நான் படித்துச் சொல்லும்போது தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், பர்மிட்டுக்காகச் சோதிக்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றிவந்து, இடது பக்க மட்கார்டில் ஒரு விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து கொண்டுவராவிட்டால் பர்மிட் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். பர்மிட் போனால் மாமாவுக்கு மறுபடியும் கரிக்கூடைதான். கூடை தூக்கிய காலத்து இருமலே இன்னும் அவரை விட்டபாடில்லை. ஆகவே வீட்டு வாசலிலேயே வேலையைச் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. பிஸ்கட் டின் தகரத்தை வெட்டி ஓட்டையை மூடி, ஈயம் வைத்துப் பற்றவைத்தார் மாமா. கறுப்புப் பெயிண்டும் வாங்கியாயிற்று. பிரஷால் அடித்தால் கோடு கோடாகத் தெரியும், இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அக்காவின் கொசு மருந்துப் பம்பைக் கேட்டோம்.

“அப்பறம் கொசு வந்தா இன்னா பண்றது? உன் ஆரனை அடிச்சித் தொரத்தறதா?” என்றாள் அக்கா. ஆனாலும் மண்ணெண்ணெய் வாடை போக வெந்நீரில் மூன்று தரம் அலசி அவளேதான் கொண்டுவந்து கொடுத்தாள்.

சனிக்கிழமை முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்தோம். சாயங்காலம் மட்கார்டு வெள்ளித்தட்டு மாதிரி பளபளத்தது. பெயிண்ட் டின்னில் போட்டிருந்ததை நான் உரக்கப் படித்தேன். தூசு தும்பு இல்லாமல் சுத்தமாகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு அடிக்க வேண்டும். குழாய் நின்று வெகு நேரமாகியிருந்தது. நான் போய்க் கிணற்றில் இரண்டு வாளி இறைத்துக்கொண்டு வந்தேன்.

மாமா வாளியைப் பார்த்தார். “இந்தத் தண்ணியா, நைனா?”

“சுத்தமா கழுவணும்னு டின்ல போட்டிருக்கு மாமா.”

ஒரு விநாடி அவர் கை நின்றது. “போட்டிருந்தா சரி” என்றார். கழுவி, இரவு முழுக்கக் காயவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான்தான் முதலில் எழுந்து பார்த்தேன். மட்கார்டு முழுவதும் குங்குமத்தைத் தூவியதுபோல் புதுத் துரு பூத்திருந்தது. பக்கத்தில் வந்து நின்ற மாமா விரலால் தொட்டார், அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அதற்குள் குழாயடியிலிருந்து இடுப்பில் குடத்தோடு அக்கா வந்துவிட்டாள்.

“அய்ய! இன்னாய்யா இது, இப்படி செவந்து கீது? எவன் உப்புத் தண்ணிய ஊத்துனது?”

நான் குனிந்து உப்புத்தாளைத் தேட ஆரம்பித்தேன்.

“நாந்தாம்மே” என்றார் மாமா. “அவசரத்துல கெணத்துத் தண்ணிய எறைச்சிட்டேன்.”

அக்கா அவரை ஒரு பிடி பிடித்தாள். மூளை இருக்கிறதா, நாளைக்கு எதை ஓட்டுவாய், கரிக்கூடை உன்னைத் தேடிக்கினு கீது போ என்று சந்தே வேடிக்கை பார்க்கும்படி கத்தினாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். நான்தான் என்று சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். சொல்லவில்லை. திட்டி முடித்த அக்கா, இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி மாமாவின் காலடியில் வைத்தாள். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு குடங்களைத் தூக்கிவந்து வைத்தாள். “தேய்ச்சிட்டு இதுல கழுவு. இன்னிக்கு யாருக்கும் தண்ணி தவிக்கக் கூடாது, அவ்ளோதான்.”

மறுபடியும் தேய்த்தோம். குடிநீரில் கழுவி, பழைய வேட்டியால் ஈரமில்லாமல் ஒற்றி, வெயிலில் காயவிட்டோம். மாமா பெயிண்டில் டர்பன்டைன் கலந்து பம்பை எடுத்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கடல் காற்று கிளம்பிவிட்டது. காற்றோடு மணலும் வரும். அக்கா தன் புடவைகள் நான்கைக் கயிற்றில் கட்டி வண்டியைச் சுற்றி மறைப்புப் போட்டாள். அந்தப் புடவைக் கூடாரத்துக்குள், புழுக்கத்தில், மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு பம்பை இழுத்து அடித்தார். முதல் அடியில் அது மழைத்தூறல்போல் துப்பிற்று. கைப்பழக்கம் வந்ததும் புகைபோல இறங்கிற்று. பக்கத்துச் சந்தில் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். அங்கிருந்த ஈயெல்லாம் புதுப் பெயிண்டைப் பார்க்க வந்துவிட்டன. நான் முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தேன். அன்று என்னால் செய்ய முடிந்த பிராயச்சித்தம் அது ஒன்றுதான். எங்களில் ஒருவரும் தண்ணீர் கேட்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அதே இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். போகவில்லை. குனிந்து பார்த்தார். பெயிண்டுக்குள் ஓர் ஈ, இறக்கை விரித்தபடி ஒட்டியிருந்தது.

“என்னய்யா இது?”

“அதுவா சார், நேத்து சவாரிக்கு ஏறுச்சு. இன்னும் எறங்கல” என்றார் மாமா.

இன்ஸ்பெக்டர் வாயைக் கோணிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். காகிதத்தை மாமா என்னிடம்தான் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, எப்போதும்போலவே கேட்டார். முந்தின நாள் எதுவுமே நடக்காததுபோல.

இப்போது நான் திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நாள் முழுக்க இங்கிலீஷ் காகிதம்தான். போன ஞாயிறு பம்பைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, அன்னிக்குக் கிணத்துத் தண்ணிய எறைச்சது மாமா இல்ல, நான்” என்றேன்.

அக்கா அரிசி களைவதை நிறுத்தவில்லை. “அன்னிக்கே தெரியும்டா. கெணத்துத் தண்ணில வண்டிச் சக்கரத்தக்கூட கழுவாத ஆளு, மட்கார்டுல ஊத்துவாரா?”

“அப்போ அவரை ஏன் அந்தத் திட்டுத் திட்டினே?”

“உன்னத் திட்டக் கூடாதுன்னுதானே அவரு ஏத்துக்கினாரு? திட்டு யார் மேலயாச்சும் எறங்கணும் இல்ல?” என்று சொல்லிவிட்டு, ஈரக் கையாலேயே பம்பை என்னிடமிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள்.

நான் வாசலுக்கு வந்தேன். அந்த வண்டி போய் வேறு வண்டி வந்துவிட்டது. மாமாவின் தலை நரைத்துவிட்டது. வாளியும் துணியுமாக மட்கார்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்து வாளியில் நனைக்கப் போனேன். என்னை அறியாமல் கை நின்றுவிட்டது.

மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை.

“பயப்படாம நனை, எஸ்ஸெல்சி” என்றார். “கொழாத் தண்ணிதான்.”