அங்கிளின் சுண்டுவிரல்

கனடாவில் எங்கள் மாகாணத் தேர்தல் இந்த முறை கொட்டும் பனிக்காலத்தில் வந்து விழுந்தது. வேட்பாளர்களின் பெயர்ப் பலகைகளைப் புல்தரையில் நட முடியவில்லை. நிலம் கல்லாக இறுகியிருந்தது. ஆகவே பனிக் குவியல்களில் குத்தி வைத்தார்கள். பனி தள்ளும் வண்டி வந்து எல்லாக் கட்சிகளையும் ஒன்றாக அள்ளி ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவரையொருவர் கடித்துக் குதறியவர்கள் எங்கள் தெருமுனையில் தோளோடு தோள் சாய்ந்து சிரித்துக்கொண்டு கிடப்பார்கள்.

நானும் ஒரு வேட்பாளருக்காக வேலை செய்தேன். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொன்னால் வாசிப்பவர்களில் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மற்றப் பாதிப் பேர், "ஓ, உவர் வேலை செய்தபடியால்தான் அந்தக் கட்சிக்கு அந்தக் கதி" என்பார்கள்.

கொள்கையா என்று கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் அந்த வேட்பாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்களைப் போன்றவர்கள்தான் எங்களுக்குத் தேவை" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்களைப் போன்றவை எண்டால் ஆரெண்டு கேட்டனீங்களோ?" என்றாள் அவள். "சும்மா இருக்கிற ஆக்கள்."

முதலில் என்னை வீடு வீடாக அனுப்பினார்கள். கதவைத் தட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், ஆதரவு கேட்க வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் ஆட்களின் வீட்டில் இது நடக்கிற காரியமா? "குளிருக்க நிக்காதேங்கோ, உள்ள வாங்கோ" என்பார்கள். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். தேத்தண்ணி வரும், பின்னால் றோல்ஸ் வரும். பிறகு நான் எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரணை நடந்து, அவர்களுடைய சகலனுக்கும் எனக்கும் ஏதோ சொந்தம் என்று முடியும். முதல் நாள் மாலை முழுவதும் நான் போனது மூன்றே வீடு. மூன்றாவது வீட்டில் அவர்கள் சொன்ன நியாயத்தைக் கேட்டு, அவர்களுடைய வேட்பாளருக்கு வோட்டுப் போடுவதாக நானே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேர்தல் அலுவலகத்தை நடத்தியது இங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. என் வயதில் பாதி இருக்கும். அவள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்:

"அங்கிள், யூ ஆர் ஸோ ஸ்வீற். பட் நீங்க இனிக் கதைக்க வேண்டாம். இலெக்ஷன் டே அண்டைக்கு வான் ஓடுங்கோ. ட்ரைவிங் ஒன்லி. ஓகே?"

இப்படித்தான் வாக்காளரை ஏற்றி இறக்கும் பதவி எனக்குக் கிடைத்தது. என்னிடம் ஒரு பழைய வான் இருந்தது. நல்ல பனிக்காலச் சக்கரங்கள் பூட்டியது. பின்கதவை வெளியிலிருந்துதான் திறக்கலாம். வாக்காளர் தப்பி ஓட முடியாது என்பதால் அதையும் ஒரு தகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆளாக என்னிடம் இடம் பிடித்தவர் வோபர்னில் ஓர் அடுக்குமாடியில் இருக்கும் அங்கிள். நாங்கள் வீடு வாங்குவதற்கு முன்பு அதே கட்டடத்தில் அவர் இருந்த மாடியில்தான் வாடகைக்கு இருந்தோம். மகன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர். முந்தின வருடம்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. நான் வான் ஓடப் போகிறேன் என்று கேள்விப்பட்ட அன்றே தொலைபேசி எடுத்துவிட்டார்.

"தம்பி, கதவு திறக்கேக்க முதல் ஆள் நான் நிக்கவேணும். விளங்குதோ?"

"ஓம் அங்கிள். ஒன்பது மணிக்கு நீங்கள் முன்னுக்கு நிப்பியள். நான் பொறுப்பு."

அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அங்கிள் தன் வாழ்க்கையில் ஒரு தடவைகூட வோட்டுப் போட்டதில்லை. ஊரில் போடப் போகாமல் இருந்தவர் அல்ல. போனார். வாலிப வயதில், நல்ல வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போனபோது மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீர் போட்டாச்சு" என்றார். யாரோ கள்ள வோட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தான். அடுத்த தேர்தலுக்கு விடியமுன்னமே போனார். அன்றும் போட்டாச்சு.

"மூண்டாம் முறை போனால், செத்துப்போன எங்கட அப்பரும் வந்து போட்டிட்டுப் போயிருக்கிறார்" என்பார் அங்கிள். "உயிரோட நிண்ட நான் மட்டும் போடேல்லை. என்ர பேர் எத்தினை தேர்தலிலை வோட்டுப் போட்டிருக்கு தெரியுமோ? நான்தான் ஒருக்காலும் போடேல்லை."

ஊரில் வோட்டுப் போட்டவர்களுக்கு இடக்கைச் சுண்டுவிரலில் மை பூசிவிடுவார்கள். ஊர் முழுக்க ஊதா விரலோடு திரியும்போது இவர் மட்டும் வெள்ளை விரலோடு வந்து கேலியும் பகிடியும் வாங்கியிருக்கிறார். ஆகவே இந்தத் தேர்தலில் யார் வென்று மாகாண முதல்வராக வந்தாலும் அவருக்கு ஒன்றுதான். யாரும் முந்திக்கொள்வதற்கு முன்பு தன் வோட்டைத் தன் கையால் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

தேர்தல் நாள் காலை நேராக வோபர்னுக்குப் போகவேண்டிய நான், மோர்னிங்சைட்டில் இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். போகிற வழிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது போகிற வழி அல்ல. அவர்கள் தங்கள் சாவடியில் வோட்டைப் போட்டுவிட்டு வந்து மறுபடி வானில் ஏறினார்கள். "தம்பி, உதில ஒருக்கா மீன் கடையில நிப்பாட்டும். இண்டைக்கு நல்ல விளைமீன் வந்திருக்குமாம்" என்றார்கள். மாட்டேன் என்று சொல்லும் சொல் என் வாயில் பிறந்ததே இல்லை. மீன் நிறுத்து, செதில் உரித்து, துண்டு போட்டு முடிகிற மட்டும் நானும் கடைக்குள் நின்றேன். தொலைபேசி அடித்தது.

"தம்பி, எங்க நிக்கிறீர்?"

"வந்துகொண்டிருக்கிறன் அங்கிள்."

கத்தி மரக்குற்றியில் தடால் தடால் என்று விழுந்தது.

"உதென்ன சத்தம்?"

"ரோட்டு வேலை நடக்குது அங்கிள்."

"உந்தப் பனிக்குள்ளயோ?"

இரண்டாவது அழைப்பில் குரல் தாழ்ந்திருந்தது. மற்றக் கட்சியின் வான் கட்டட வாசலுக்கு வந்துவிட்டதாம். பக்கத்து வீட்டுச் சிநேகிதியோடு அன்ரி அதில் ஏறிப் போய்விட்டாராம். "என்ர பெண்சாதியே கட்சி மாறிட்டா. உமக்குச் சொன்ன சொல்லுக்காக நான் நிக்கிறன், தம்பி. உதை வடிவா யோசியும்."

நான் யோசித்துக்கொண்டே ஓட்டினேன். வான் முழுக்க மீன் மணம்.

போய்ச் சேர்ந்தபோது மதியமாகப் போகும் நேரம். கோட், சூட், கழுத்துப்பட்டி, காதை மூடிய தொப்பியோடு அங்கிள் கீழ்வாசலில் நின்றார். பக்கத்தில், போட்டுவிட்டுத் திரும்பி வந்த அன்ரி சிரித்த முகமாக நின்றார்.

"ஒரு கரைச்சலும் இல்லைத் தம்பி. அங்க மேசையில இருக்கிற பிள்ளை நல்ல பிள்ளை. டக்கெண்டு முடிஞ்சுது. இந்தாரும், தொண்டைக்கு நல்லது" என்று ஓர் இஞ்சி ரொபியை என் கையில் வைத்தார்.

இந்த ரொபியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்ரி வீட்டிலேயே சீனியும் இஞ்சியும் போட்டுக் கிண்டி, கேக் சுடும் எண்ணெய்த்தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கி, கைப்பையில் நிறைத்து வைத்திருப்பார். அவரோடு லிஃப்டில் இறங்கிய எவரும் அதை வாங்காமல் தப்பியதில்லை. தபால்காரருக்குக்கூட ஒன்று உண்டு.

"சரி, என்ர வோட்டுக் காட்டைத் தா" என்றார் அங்கிள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரே காந்தத்தின் கீழ் இருந்த இருவருடைய வாக்காளர் அட்டைகளையும் அன்ரி அவசரத்தில் கொண்டுபோயிருந்தார். இப்போது கைப்பைக்குள் துழாவினார். ரொபியாக வந்தது. அட்டை வரவில்லை.

"காட் தேவையில்லை அங்கிள், பேரும் விலாசமும் உள்ள ஐடி இருந்தால் காணும்" என்றேன் நான் அதிகாரமாக. தேர்தல் சட்டத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். மேசையில் இருந்த பெண் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அங்கிள் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஐடியை இரண்டு கையாலும் நீட்டினார். அந்தப் பெண் கோடு போடும் அடிமட்டத்தைப் பட்டியலில் வைத்து மெல்ல மெல்ல இறக்கினார். அடிமட்டம் நின்றது. அவர் அங்கிளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இவர் ஏற்கனவே வாக்களித்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மொழிபெயர்க்க நான் அங்கிளின் பக்கம் திரும்பினேன்.

"சொல்ல வேண்டாம், தம்பி" என்றார் அங்கிள். "உந்த முகத்தை எனக்குத் தெரியும்."

அதன்பிறகு தன் இடக்கைச் சுண்டுவிரலை நீட்டி அந்தப் பெண்ணின் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "பாக்கச் சொல்லும்! மை இருக்கோ? வடிவாப் பாக்கச் சொல்லும்!"

அந்தப் பெண் பரிவோடு பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழே குனிந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை உரிக்கத் தொடங்கினார். நான் அவசரமாக இடையில் புகுந்து, எங்கள் நாட்டில் மை, விரல், களவு என்று மூன்றையும் ஒரே வசனத்தில் சொல்லப் பார்த்தேன். கடைசியில் என் வாயில் வந்த ஆங்கிலம் இது: "இவருடைய விரல் நிரபராதி."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அங்கிள் கையை இறக்கிவிட்டார். சத்தம் போடவில்லை. "கனடாவிலயுமோ?" என்றார் மெதுவாக. "இனி நான் எந்த நாட்டுக்குத் தம்பி போறது?"

நான் விளைமீனைத் துண்டு போட்ட நேரத்தை மட்டும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அங்கிளின் பார்வை மேசையில் ஓரிடத்தில் குத்தி நின்றது. பேனைக்குப் பக்கத்தில், எண்ணெய்த்தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கிய ஒரு சாமான்.

"உது என்ர வீட்டு ரொபி எல்லோ!"

நான் கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. காலையில் ஓர் அருமையான அம்மா வந்து இரண்டு தந்தாராம், இவர் ஒன்றைத் தின்றாராம், மிகவும் உறைப்பாம், இன்னொன்று மத்தியானத்துக்கு வைத்திருக்கிறாராம். சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தி, பட்டியலை மறுபடி பார்த்தார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இந்த நாட்டில் பத்திரம் கேட்கிறதே என்று அங்கிள் தன் தகப்பனின் பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்தார். அன்ரி தன் புருஷனின் பெயரைக் கொடுத்தார். ஆக அங்கிளின் முதற்பெயர்தான் அன்ரியின் கடைசிப் பெயர். காலையில் அன்ரி நீட்டியது அங்கிளின் அட்டை. அதிலும் அந்தப் பெயர், அன்ரியின் ஐடியிலும் அந்தப் பெயர், விலாசமும் ஒன்று, வாயில் ரொபி வேறு. வெட்டியது அங்கிளின் பெயரை. அடுத்த வரியில் அன்ரியின் பெயர் வெட்டுப்படாமல் அழகாக இருந்தது.

மேலதிகாரி ஒருவர் வந்தார். இருவருடைய வரிகளையும் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். அங்கிள் தான் தான்தான் என்று சத்தியம் பண்ணிக் கையெழுத்து வைத்தால் போதும், வாக்குச்சீட்டுக் கொடுக்கலாம் என்றார்.

"உவ்வளவுதானோ?" என்றார் அங்கிள். "உதை அங்க கேட்டிருந்தா அப்பவே பண்ணியிருப்பன்."

மறைப்புக்குப் பின்னால் அவர் வெகுநேரம் நின்றார். வெளியே வந்து, சீட்டை வைத்த மட்டையை நீட்டினார். வாக்கு எண்ணும் இயந்திரம் சீட்டை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் குனிந்து அந்த வாய்க்குள் பார்த்தார். திரும்பி வராது என்று நிச்சயமான பிறகுதான் நிமிர்ந்தார்.

"மை?" என்றார் என்னிடம்.

"இஞ்ச மை பூசிறேல்லை அங்கிள்."

"அப்ப நான் போட்டனெண்டு ஆர் நம்புவினம்?"

வானில் ஏறியதும் பேனை கேட்டார். குளிரில் பேனை எழுதவில்லை. பலகைகளில் அம்புக்குறி போட அலுவலகத்தில் தந்த தடித்த நீலப் பேனை ஒன்று காலடியில் உருண்டுகொண்டு கிடந்தது. அதை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நகத்திலிருந்து முதல் கணு வரை கவனமாகப் பூசினார்.

"எங்கட ஆளுக்குத்தானே போட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"தம்பி, இண்டைக்குத்தான் முதன்முதலா என்ர வோட்டை நான் போட்டிருக்கிறன். அதையும் உமக்குச் சொன்னால் பிறகென்ன அது என்ர வோட்டு?" காற்றில் விரலை உலர்த்தினார். "மற்றது, உம்மட வான் நாறுது."

வீட்டில் அன்ரி கதவைத் திறந்தார். அங்கிள் வாசலிலேயே நின்று விரலால் அவரைச் சுட்டினார்.

"இவ்வளவு காலமும் ஆரெண்டு தெரியாமல் திட்டித் திரிஞ்சன். இண்டைக்குக் கள்ளியைப் பிடிச்சிட்டன்!"

நடந்ததை நான் சொல்லி முடித்தேன். அன்ரி அசையவில்லை. "கலியாணம் கட்டின நாளிலயிருந்து உங்கட பேரை நான்தானே காவித் திரியிறன். ஒரு நாள் அதைக்கொண்டு ஒரு வோட்டுப் போட்டால் என்ன குறைஞ்சு போச்சு?" என்றவர், அங்கிளின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உதென்ன கோலம்? எனக்கும் பூசுங்கோ. நானும்தானே போட்டனான்."

"கொண்டா கையை. இனி நீ ரெண்டாம்தரம் போடேலாது" என்று அங்கிள் பேனையைத் திறந்தார்.

என் வேட்பாளர் தோற்றுப்போனார். அலுவலகப் பிள்ளை எல்லாருக்கும் நன்றி சொன்னபோது என்னிடம் மட்டும், வானைக் கழுவச் சொன்னாள். அந்தக் கிழமை முடிய அன்ரி தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, உந்தப் பேனையை ஒருக்கா வந்து எடுத்துக்கொண்டு போம். மனிசன் ஒவ்வொரு நாளும் குளிச்சிட்டு வந்து திரும்பவும் பூசுது."