செம்மேட்டில் செலவான நல்லெண்ணெய்

வெள்ளிக்கிழமை காலை ஆறே காலுக்கு நானும் என் மனைவியும் நாமக்கல்லில் பஸ் ஏறினோம். தன் மூட்டு வலி குறைந்தால் அறப்பளீஸ்வரர் சன்னதியில் விளக்குப் போடுவதாக நேர்ந்திருந்தாள். வலி குறைந்துவிட்டது. அரை லிட்டர் நல்லெண்ணெயை அவள் மடியில் வைத்திருந்தாள். காரவள்ளி தாண்டியதும் மலைப்பாதையில் எழுபது வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எட்டே முக்காலுக்குச் செம்மேடு. கோயில் பஸ் ஒன்பதரைக்குத்தான் என்றார்கள். ஆனி மாதம், ஊரெல்லாம் பலாப்பழ வாசனை. மரத்தடியில் பேங்க்காரர் ஒருவர் கையடக்க மெஷினோடு உட்கார்ந்திருந்தார். விரல் ரேகை ஒத்துப்போனால்தான் நூறு நாள் வேலைக் கூலி.

வரிசையில் முதலில் நின்றவர் வெள்ளையம்மா. அவர் மகள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் பிரசவ வலியோடு கிடக்கிறாளாம். கீழே போகும் பஸ் எதிரிலேயே உறுமிக்கொண்டு நிற்கிறது. கையில் பஸ்ஸுக்குக்கூடக் காசில்லை. இரண்டு முறை விரல் வைத்தும் மெஷின் ஏற்கவில்லை.

"நாந்தானுங்க தம்பி வெள்ளையம்மா. ஊரையே கேளுங்க."

"ஊருக்குத் தெரியுதுங்க்கா, மெஷினுக்குத் தெரியலையே. இன்னொருக்கா தப்பாப் போச்சுன்னா இன்னைக்குப் பூட்டிக்கும். அப்புறம் அடுத்த வாரந்தான்."

"தை மாசம் இதே வெரலைத்தானுங்க வெச்சேன்."

என் மனைவி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் பலாப்பால் கறுத்து ஒட்டிக் கிடந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பாட்டிலைத் திறந்தாள்.

"சாமிக்கு நேர்ந்ததாச்சே" என்றேன்.

"சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கறனுங்க."

தேய்க்கத் தேய்க்கப் பால் உருண்டு வந்தது. "எண்ணெய் இருந்தாலும் மெஷின் எடுக்காதுங்க" என்றார் பேங்க்காரர். டிரைவர் ஹாரன் அடித்தார். "ஏனுங்க்கா, அங்க என்ன எண்ணெய்க் குளியலா?"

பையிலிருந்த திருநீற்றை அள்ளி அந்த விரலில் போட்டேன். வெள்ளையம்மா முந்தானையில் அழுத்தித் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தார். மெஷின் ஒருமுறை கத்தியது. சீட்டு வந்தது, கூலியும் வந்தது. நகரத் தொடங்கிய பஸ்ஸை ஓடிப் பிடித்தார். திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை.

வரிசையில் நின்ற மற்றவர்கள் பாட்டிலுக்குக் கை நீட்டினார்கள். கோயிலில் ஓர் அகலுக்குத்தான் எண்ணெய் மிஞ்சியது. "மூட்டு வலிக்கா?" என்றேன். "அந்தப் புள்ளைக்குங்க" என்றாள்.

இறங்கும்போது எழுபது வளைவிலும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பஸ் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, என்ன குழந்தை, எதுவும் தெரியாது. எங்கள் ஊர் பேங்கில் என் கையெழுத்துக் கோணினாலும், முகத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுத்துவிடுவார்கள். வெள்ளையம்மாவின் முகத்தைச் செம்மேடே பார்த்துக்கொண்டு நின்றது.